ஆறாவது பச்சைப் புத்தகம்

ஆறு வைத்தேன், ஐந்துதான் இருந்தது.

மறுபடி எண்ணினேன். ஐந்தேதான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீழ்த்தட்டின் உள்ளே கையை விட்டுத் துழாவினேன். தூசி வந்தது, யாரோ தின்றுபோட்ட மிட்டாய்க் காகிதம் வந்தது, புத்தகம் வரவில்லை. பச்சை அட்டை போட்ட, கைக்கு அடக்கமான புத்தகம் அது. குழந்தைகளுக்கு எந்த மருந்தை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுச் சொல்லும் கையேடு. நேற்று மாலை என் கையால்தான் ஆறு பிரதிகளையும் இந்தத் தட்டில் அடுக்கினேன். இப்போது மணி இரண்டு இருபது. மாடியில் ஆய்வுக் குழுவினர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இங்கேருந்து பச்சை புக்கு எதையாவது எடுத்தீங்களா?" என்று அட்டெண்டரைக் கேட்டேன்.

"நீங்க வைக்கச் சொன்னா வைக்கிறேன், எடுக்கச் சொன்னா எடுக்கிறேன். நானா எடுத்துப் படிக்கப்போறேன்?" என்றார் அவர், நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டே.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காணாமல் போனதற்காக அல்ல. வருடத்துக்கு நாற்பது புத்தகம் காணாமல் போகிற நூலகம் இது. அதற்கெல்லாம் பயந்தால் இந்த வேலையே பார்க்க முடியாது. ஆனால் இந்தப் புத்தகம் தப்பான புத்தகம். அதன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நம்பி யாராவது ஒரு குழந்தைக்கு மருந்து கொடுத்தால், கொடுக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு உள்ளே போகும். அது தெரிந்தும் அதை அலமாரியில் வைத்தவள் நான்.

இந்த நர்சிங் கல்லூரிக்கு நான் வந்து நான்கு வருடம் ஆகிறது. வந்த அன்று நூலகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஓய்வு பெற்ற டாக்டர்கள் வீட்டைக் காலி செய்யும்போது, குப்பையில் போட மனசு வராமல் இங்கே தள்ளிவிட்டுப் போன புத்தகங்கள்தான் பாதி. இப்போது யாருமே தொடாத கருவிகளின் படங்கள், என் அப்பா பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்ட காயம் கட்டும் முறைகள், நடுவில் எப்படியோ தோட்டக்கலை பற்றி நான்கு தொகுதிகள். பெரிய மனசோடு கொடுத்திருக்கிறார்களாம். என் வாயில் என்னென்னவோ வந்தது.

நான் நர்ஸ் இல்லை. ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். ஆனால் மருந்துப் புட்டிக்குக் காலாவதித் தேதி இருப்பது மாதிரி மருத்துவப் புத்தகத்துக்கும் இருக்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு டீச்சரிடமும் போய் உட்கார்ந்தேன். உங்கள் பாடத்தில் பிள்ளைகள் எதில் தடுமாறுகிறார்கள், வார்டிலிருந்து வந்ததும் எதைத் தேடுகிறார்கள், எந்தப் புத்தகத்தை நீங்களே நம்பமாட்டீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். பாடத்திட்டத்தை ஒரு பக்கமும் அலமாரியை ஒரு பக்கமும் வைத்து ஓட்டை எங்கே என்று பார்த்தேன். மனநலத்துக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தது, ஒரு தட்டு நிறைய வாங்கினேன். பிரசவப் பிரிவில் பிள்ளைகள் ஒரே புத்தகத்துக்கு அடித்துக்கொண்டார்கள், ஒன்பது பிரதி வாங்கிப் போட்டேன். பழையதை ஈவு இரக்கம் பார்க்காமல் கழித்தேன். கழித்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று சிவப்பு முத்திரை குத்தி, தேதியும் கையெழுத்தும் போட்டுப் பின்னறையில் கட்டி வைத்துவிடுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் சீல் அக்கா. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முதலாமாண்டு பிள்ளைகள் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் நூலக வகுப்பு எடுப்பேன். வருடா வருடம் அதே வசனம். "போன்ல வர்றதை நம்பாதீங்க. சீனியர் கொடுத்த நோட்ஸை நம்பாதீங்க. என் அலமாரியில ஒரு புக்கு இருந்தா, நான் பார்த்துட்டுத்தான் வச்சிருக்கேன்னு அர்த்தம். அதை நம்பலாம்." சொல்லி முடித்ததும் மேசையை ஒரு தட்டுத் தட்டுவேன். யாரும் கைதட்ட மாட்டார்கள் என்றாலும் எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

அந்தப் பச்சைப் புத்தகத்தைப் போன வருடம் என் மேசையில் கொண்டுவந்து போட்டவர் குழந்தை நல டீச்சர். அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கென்று பேசுவார்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாருங்க. ரெண்டு கட்டத்தோட தலைப்பு இடம் மாறிக் கிடக்கு. ஒரு நாள் முழுக்கக் கொடுக்க வேண்டியதை ஒரு வேளைக்குன்னு போட்டிருக்கான். இனிமே இது பிள்ளைங்க கண்ணுல படக்கூடாது."

அன்றைக்கே ஆறு பிரதிகளுக்கும் முத்திரை குத்திப் பின்னறையில் போட்டேன். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகுதான் அங்கீகாரம் புதுப்பிக்க ஆய்வுக் குழு வருகிறது என்று கடிதம் வந்தது. அவர்களுடைய படிவத்தில் மொத்தம் மூவாயிரம் புத்தகம், ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது இவ்வளவு என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். நான் கழித்த வேகத்துக்குப் புதியவை வந்து சேரவில்லை. ஆர்டர் போட்ட பெட்டிகள் வழியில் எங்கேயோ தூங்கின. முதல்வர் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"எவ்வளவு குறையுது?"

"இருநூத்தி நாப்பது, மேடம்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அங்கீகாரம் போச்சுன்னா நூத்தி இருபது பிள்ளைங்க பரீட்சையே எழுத முடியாது. தெரியுமில்ல?"

தெரியும். அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை, இதை நான் சொல்லியே ஆக வேண்டும். வாயைத் திறந்தது நான்தான். "பின்னறையில கழிச்சதெல்லாம் இருக்கு, மேடம். ஒரு நாளைக்கு மட்டும் வெளிய வச்சுக்கலாம். அவங்க புக்கோட முதுகைத்தான் எண்ணுவாங்க, உள்ள திறந்தா பார்க்கப்போறாங்க?"

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ பார்த்துக்கோ," என்றார்.

தோட்டக்கலை உட்பட எல்லாம் அலமாரிக்குத் திரும்பி வந்தன. குழந்தை நலப் பிரிவில் நூற்று ஐம்பது வேண்டும், நூற்று நாற்பத்து நான்குதான் இருந்தது. ஆறு குறை. பச்சைப் புத்தகம் சரியாக ஆறு. எடுக்கும்போது கை தயங்கியது என்பது உண்மை. கீழ்த்தட்டுதானே, ஒரு காலைப்பொழுதுதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு அடுக்கினேன்.

அதோடு விட்டேனா? ஆளில்லாத நூலகத்தைக் காட்டினால் நன்றாகவா இருக்கும் என்று மூன்றாமாண்டுப் பிள்ளைகள் முப்பது பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். "ஆளுக்கு ஒரு புக்கை விரிச்சு வச்சுக்கோங்க, போதும். பேசாதீங்க, தூங்காதீங்க." குழு வந்தது, எண்ணியது, தலையாட்டியது, போனது. முப்பது பேரும் படிக்கிற மாதிரி நன்றாகத்தான் நடித்தார்கள். யாரோ ஒருத்தர் மட்டும் நிஜமாகவே படித்திருக்கிறார்.

குழந்தை நல அலமாரிக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. வீட்டுக்காரர். எங்கள் பாப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். எனக்கு ஆய்வு என்பதால் அவர் லீவு போட்டு வீட்டில் இருந்தார்.

"மறுபடி உடம்பு சுடுதும்மா. அந்தச் சிவப்பு மருந்து எவ்வளவு ஊத்தணும்? புட்டியில எழுத்தே அழிஞ்சு கிடக்கு."

"ஒண்ணும் ஊத்தாதீங்க!"

"ஏன் கத்தறே?"

"புட்டியை எடுத்துக்கிட்டு மருந்துக் கடைக்குப் போங்க. பாப்பா வயசு, எடை எல்லாம் சொல்லிக் கேளுங்க. நீங்களா ஊத்தாதீங்க, சொல்லிட்டேன்."

"இவ்வளவு வருஷமா நர்சிங் காலேஜ்ல இருக்கே, இது தெரியாதா உனக்கு?"

"நான் அங்க புக்கு அடுக்கறேன்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அட்டெண்டர் அண்ணன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, மறந்தே போயிட்டேன். அந்த டவுட்டுப் பொண்ணு இதை உங்ககிட்ட கொடுக்கச் சொல்லிச்சு. நீங்க அந்த மேடம்ங்களோட பேசிட்டு இருந்தீங்க."

நான்காக மடித்த சீட்டு. 'அக்கா, நீங்க பிஸியா இருந்தீங்க. குழந்தைகள் மருந்து புக்கு, பச்சை அட்டை, ஒண்ணு எடுத்துட்டுப் போறேன். எனக்கு இன்னைக்கு ரெண்டு மணியிலிருந்து குழந்தைகள் வார்டு ட்யூட்டி. நாளைக்கு வந்து என்ட்ரி போட்டுக்கறேன். மன்னிச்சுக்கோங்க.'

டவுட்டு என்பது அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர். எதையும் ஒருமுறைக்கு இருமுறை கேட்காமல் விடமாட்டாள். டீச்சர்கள் பாடம் முடித்ததும் "டவுட்டைத் தவிர வேற யாருக்காவது டவுட்டு இருக்கா?" என்று கேட்பார்கள், வகுப்பே சிரிக்கும், அவளும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவாள். நான்கு வருடத்தில் எனக்குப் பிடித்துப்போன பிள்ளைகளில் ஒருத்தி. அனுமதி இல்லாமல் ஒரு புத்தகத்தை எடுத்ததற்குச் சீட்டு எழுதி மன்னிப்புக் கேட்கிற பிள்ளை அவள்தான்.

அந்த நிமிடமே வார்டுக்குப் போன் செய்திருக்க வேண்டும். எண் என் மேசைக்கு நேரே சுவரில் ஒட்டியிருந்தது. கை ரிசீவர் வரைக்கும் போனது. என்ன சொல்வது? வார்டு சிஸ்டரிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முதல்வர் மேடம் காதுக்குப் போகும், பத்தாவது நிமிடம் மாடிக்குப் போகும். குழு இன்னும் அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. எதற்கு வீண் வம்பு, புத்தகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. வார்டுக்குள் புத்தகம் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் அது விடுதி அறையில்தான் இருக்கும். புத்தகம் கைக்கு வந்தால் பிரச்சினை தீர்ந்தது. எத்தனை வருட நூலகர் புத்தி பாருங்கள். அது கையை ரிசீவரிலிருந்து எடுக்க வைத்தது. அந்த இருபது நிமிடத்துக்காக நான் இன்றைக்கும் என்னை மன்னிக்கவில்லை.

விடுதிக்கு நடையும் ஓட்டமுமாகப் போனேன். வாசலில் வார்டன் என்னை நிறுத்தி, வருகைப் பதிவேட்டை நீட்டினார். பெயர், நேரம், யாரைப் பார்க்க, என்ன விஷயம்.

"நான் இங்கேயே வேலை பார்க்கிறவ, தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்க."

என்ன விஷயம் என்ற இடத்தில் 'புத்தகம்' என்று கிறுக்கிவிட்டு இரண்டு மாடி ஏறினேன். டவுட்டின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. அறைத்தோழி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றவள் என்னைப் பார்த்துத் துண்டைக் கீழே போட்டாள்.

"சீல் அக்கா! நீங்க இங்கயா?"

ஜன்னலோரக் கட்டிலில், தலையணைமேல், பச்சைப் புத்தகம் இருந்தது. இரண்டு கையாலும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அப்பாடா என்று மூச்சு வந்தது. முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அட்டையும் அந்தத் தாளும் ஓரத்தில் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தன, என் முத்திரை அதற்குள் ஒளிந்திருந்தது. பாவம், அவள் நேரே அட்டவணைக்குப் போயிருப்பாள்.

"அவ அந்த புக்கை விடவே இல்லக்கா," என்றாள் அறைத்தோழி. "மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாம உக்காந்து அந்த டேபிள் பூரா பாக்கெட் நோட்டுல எழுதிக்கிட்டா. நீ மட்டும் பாஸானா போதுமாடின்னு கேட்டேன். உடனே போட்டோ எடுத்து க்ரூப்லயும் போட்டுட்டா."

"எந்த க்ரூப்ல?"

அவள் போனை நீட்டினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், கொஞ்சம் சாய்வாக, ஓரத்தில் டவுட்டின் கட்டைவிரல் நகத்தோடு. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'சீல் அக்கா அலமாரி புக்கு. நம்பி எழுதிக்கலாம்.' அதற்குக் கீழே வரிசையாக நன்றி சொல்லியிருந்தார்கள்.

புத்தகம் என் கையில் இருந்தது. பக்கம் முப்பது பேரிடம் போய்விட்டிருந்தது. போனை அவள் கையிலேயே திருப்பித் திணித்தேன்.

"போடும்மா. இப்பவே போடு. அந்தப் பக்கம் தப்பு, யாரும் எழுதாதீங்க, எழுதினதை அடிச்சுடுங்கன்னு போடு. நான் சொன்னேன்னு போடு."

"ஏன்க்கா, உங்க புக்குதானே?"

"என் புக்குதான். போடு!"

அவள் போட்டாள். நான் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொருவராகப் பார்ப்பது தெரிந்தது. பத்து, பதினைந்து, இருபத்து நான்கு. அங்கேயே நின்றுவிட்டது.

"மீதி ஆறு பேரு?"

"அவங்க ட்யூட்டில இருக்காங்கக்கா. வார்டுக்குள்ள போனை லாக்கர்ல வச்சிடணுமே." சொல்லும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது. "குழந்தைகள் வார்டுல மூணு மணி மருந்து, அக்கா."

மணி இரண்டு நாற்பத்தெட்டு. அங்கிருந்தே வார்டு எண்ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டிருக்கும் போனைக் காதில் வைத்தபடியே படி இறங்கினேன். வெளியே போகும் நேரத்தை எழுதிவிட்டுப் போகச் சொல்லி வார்டன் கத்தினார். எனக்கு வந்த கோபத்துக்குப் பதிவேட்டைத் தூக்கி எறிந்திருப்பேன், நேரம் இல்லை.

விடுதியிலிருந்து வார்டுக்கு மருத்துவமனையின் நீளமான நடைகூடம் ஒன்றைக் கடக்க வேண்டும். இதே வழியில் தினமும் போகிறேன், அன்றைக்குத்தான் அது இவ்வளவு நீளம் என்று தெரிந்தது. அழுக்குத் துணி வண்டி ஒன்று குறுக்கே நின்றது. லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றது. படியில் ஏறினேன். கடவுளே, மருந்து கொடுக்கும் தட்டை எடுக்க மறந்திருக்கட்டும், எந்தக் குழந்தையாவது வாந்தி எடுத்து எல்லாம் தாமதமாகட்டும், ஏதாவது ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் பாப்பாவின் முகம் வேறு வந்து வந்து போனது. அளவு தெரியாமல் என் வீட்டில் ஒரு சொட்டு மருந்து ஊற்ற விடமாட்டேன் என்று கத்தியவள், இங்கே என்ன செய்து வைத்திருக்கிறேன்?

வார்டுக் கதவைத் தள்ளினேன். ஏழாம் நம்பர் கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. அதனால்தான் யாரும் போன் எடுக்கவில்லை. சாப்பாடு முடிந்து ஆய்வுக் குழு நேரே வார்டுக்கு வந்திருந்தது. முதல்வர் மேடம், குழுவின் தலைவியான கண்ணாடி போட்ட மேடம், அவரோடு வந்த உதவியாளர், வார்டு சிஸ்டர், பயிற்சி டாக்டர். நடுவில் டவுட்டு, ஒரு கையில் மருந்துத் தட்டு, மறு கையில் பாக்கெட் நோட்டு. கட்டிலில் இரண்டு வயது இருக்கும் ஒரு பையன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு படுத்திருந்தான். அவனுடைய அம்மா கட்டில் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதினது ரொம்பக் குறைவா இருக்கு, சார்," என்று டவுட்டு டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவன் எடைக்கு இதைப் போல மூணு பங்கு வரணும். கொடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுடலாம்னு நினைச்சேன்."

"மூணு பங்குன்னு யார் சொன்னது?"

"லைப்ரரி புக்குல இருக்கு, சார். இன்னைக்குத்தான் எழுதிக்கிட்டேன்."

டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். சின்ன வயசு. முந்தின நாளிலிருந்து தொடர்ந்து வேலை பார்க்கிறவர்களின் சிவந்த கண் அவருக்கு. "வேளைக்குப் பிரிச்சதைத் திரும்பவும் பிரிச்சுட்டேனோ?" என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தார். அவர் எழுதியது சரி. சரியாக எழுதியவரையே என் புத்தகம் குழப்பிக்கொண்டிருந்தது.

கண்ணாடி மேடம் முகமெல்லாம் மகிழ்ச்சி. "பார்த்தீங்களா? மூணாம் வருஷத்துப் பொண்ணு டாக்டர் எழுதினதை புக்கோட ஒப்பிட்டுப் பார்த்து நிக்கிறா. எல்லா காலேஜ்லயும் இதைத்தான் கேட்கிறோம், எங்க நடக்குது? லைப்ரரியைப் பத்தி ரிப்போர்ட்ல தனியா எழுதிக்கோங்க," என்று உதவியாளரிடம் சொன்னார்.

முதல்வர் மேடம் என்னைப் பார்த்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு. "இதோ வந்துட்டாங்களே. இவங்கதான் எங்க லைப்ரரியன். நாலு வருஷமா ஒத்தை ஆளா இதைக் கட்டி எழுப்பினவங்க."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். புத்தகம் என் கக்கத்தில் இருந்தது. டவுட்டை மட்டும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டுபோய்க் காதில் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்குள் டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கட்டில் முனையில் தொங்கிய சார்ட்டைத் தூக்கிப் பழைய அளவை அடித்தார்.

"எழுதாதீங்க!"

என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்துக் கட்டில் குழந்தை வீலென்று அழ ஆரம்பித்தது.

"அந்த புக்கு தப்பு, டாக்டர். நீங்க முதல்ல எழுதினதுதான் சரி. மருந்தகத்துல கேட்டுப் பாருங்க, குழந்தை நல டீச்சரைக் கேளுங்க. தயவுசெஞ்சு அதை மாத்தாதீங்க."

கண்ணாடி மேடம் கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் ஒட்டியிருந்த தாளை நகத்தால் பிரித்தார். சிவப்பு முத்திரை வெளியே வந்தது.

"நீக்கப்பட்டது. போன வருஷத் தேதி." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இது யாரோட கையெழுத்து?"

"என்னோடது."

"நீங்களே கழிச்ச புக்கு எப்படி இந்தப் பொண்ணு கையில வந்துச்சு?"

முதல்வர் மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் கையைக் காட்டியிருந்தால் பாதிப் பழி அவருக்குப் போயிருக்கும். எனக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் யோசனை சொன்ன வாய் என்னுடையது.

"எண்ணிக்கை குறைஞ்சுது. அதுக்காக நான்தான் எடுத்து வெளிய வச்சேன். இது மாதிரி இருநூத்தி நாப்பது வச்சிருக்கேன். காலையில நீங்க எண்ணினதுல அதுவும் சேர்த்தி."

வார்டு சிஸ்டர்தான் முதலில் அசைந்தார். டவுட்டின் கையிலிருந்த மருந்துத் தட்டை வாங்கி மூடிவைத்துவிட்டு மருந்தகத்துக்குப் போன் செய்தார். எடையைச் சொன்னார், கேட்டார், தாளில் எழுதி டாக்டரிடம் காட்டினார். டாக்டர் முதலில் எழுதிய அளவேதான். அவர் அடித்ததைத் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட்டார், பேனா மூடியைப் போடத் தெரியாமல் இரண்டு தடவை கீழே விட்டார். வார்டில் இருந்த மற்ற ஐந்து பிள்ளைகளையும் கூப்பிட்டு நோட்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். யாரும் இன்னும் எதுவும் கொடுத்திருக்கவில்லை.

"எம் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று அந்த அம்மா என்னைத்தான் கேட்டாள். நான்தான் கத்தியவள்.

"ஒண்ணும் ஆகலம்மா," என்றேன்.

டவுட்டு அழவில்லை. பாக்கெட் நோட்டைத் திரும்ப வாங்கி அந்தத் தாளைக் கிழித்து, இன்னும் சின்னதாகக் கிழித்து, என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க வச்சிருந்தீங்களேக்கா," என்றாள். அவ்வளவுதான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது பாப்பா காய்ச்சல் விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் மருந்துக் கடையில் கேட்டு, புட்டியில் வெள்ளைக் காகிதம் ஒட்டி அளவை எழுதி வாங்கி வந்திருந்தார். நான் அதை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். "இப்பவாவது நம்பறியா?" என்று கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

குழு அங்கீகாரத்தைப் பறிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டிவிட்டு, மறுபடி வந்து ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து பார்ப்போம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள். இரண்டு வாரம் வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வந்து போய்க்கொண்டிருந்தேன். குழந்தை நல டீச்சர்தான் முதல்வரிடம் போய், "தப்பைச் செஞ்சதும் அவதான், ஓடி வந்து நிறுத்தினதும் அவதான்," என்று சொன்னாராம். என்னிடம் மட்டும் அவர் ஒரு மாதம் பேசவில்லை. இருநூற்று நாற்பதையும் நானும் அண்ணனும் நடுவில் கிழித்துப் பழைய காகித வண்டியில் ஏற்றினோம். தோட்டக்கலையை மட்டும் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

வழியில் தூங்கிய பெட்டிகள் ஒருவழியாக வந்து சேர்ந்தன. குழந்தைகளுக்கான புதிய மருந்தளவுக் கையேடு, நீல அட்டை, எட்டுப் பிரதிகள். அந்த டீச்சரும் நானும் பக்கம் பக்கமாகப் பார்த்து முடித்த பிறகுதான் அடுக்கினேன்.

அடுத்த நாள் டவுட்டு வந்தாள். நான் எழுந்து நின்றேன், ஏன் என்று தெரியவில்லை.

"புதுசு வந்திருக்கும்மா. முழுசா பார்த்துட்டுத்தான் வச்சிருக்கேன்."

அவள் தலையாட்டினாள். நீலப் புத்தகத்தை எடுத்து என் மேசையிலேயே வைத்துத் திறந்தாள். முதல் பக்கத்தையும் அட்டையையும் விரல் நகத்தால் பிரித்துப் பார்த்தாள். பதிப்பித்த வருடத்தைப் பார்த்தாள். பிறகு அட்டவணைக்குப் போய், பையிலிருந்து டீச்சர் கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து ஒப்பிட்டாள். அவசரமே படவில்லை. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சரியா இருக்குக்கா. என்ட்ரி போட்டுக்கோங்க," என்றாள்.

அவள் செய்தது சரிதான். என் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததைவிடச் சரி. ஆனாலும் அவள் ஒருமுறைகூட என் முகத்தைப் பார்த்து நம்பவில்லை என்பது எனக்கு எவ்வளவு வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை. தேதியைப் போட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.